ஜெபக் குறிப்பில் போன என் ரெஸ்யூம்

நாற்பத்தேழு வயதில் வேலை தேடுகிறவனிடம் வந்து உற்சாகமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெங்களூரில் அவர்களுக்குப் பஞ்சமே இல்லை. வேலையில் இருக்கிற ஒவ்வொருவனும் வேலை தேடுவதில் நிபுணன். "பாசிட்டிவா இருங்க சார்" என்பான். இருந்தேனய்யா. ஒரு வருஷத்துக்கும் மேலாக இருந்து பார்த்தேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் லீடாக இருந்தேன். வங்கிகளுக்கு எழுதுகிற சாஃப்ட்வேரில் எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்கிற வேலை. ஒருநாள் மத்தியானம் மீட்டிங் என்று கூப்பிட்டார்கள். சாயங்காலம் கம்பெனி கேபில் திரும்பும்போது கழுத்தில் ஐடி கார்டு இல்லை. எங்களுக்குப் பூர்வீகம் கோலார் தங்கவயல். சுரங்கத்தை மூடியபோது என் அப்பா வீட்டில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அவராவது ஊரோடு சேர்ந்து உட்கார்ந்தார். நான் விவேக் நகர் வாடகை வீட்டில், எல்லோரும் ஆபீஸ் போன பிறகு, தனியாக உட்கார்ந்தேன்.

முதல் சில மாதங்கள் கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் ஒரே ரெஸ்யூமை அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு பதில்? ஊஹூம். அப்புறம்தான் பழைய சிநேகிதன் ஒருவனைப் போய்ப் பார்த்தேன். என்னோடு பக்கத்து சீட்டில் வேலை செய்தவன், இப்போது பழைய மெட்ராஸ் ரோடு பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜர். ஜோகுபாளையத்தில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டே என் ரெஸ்யூமைப் புரட்டினான்.

"டேய், இது ரெஸ்யூமா, உன் வாழ்க்கை வரலாறா? ஆறு பக்கம் எவன்டா படிப்பான்?"

இரண்டு பக்கமாகக் குறைக்கச் சொன்னான். என்ன வேலை பார்த்தேன் என்பதை விட்டுவிட்டு, அதனால் கம்பெனிக்கு என்ன ஆனது என்று எழுதச் சொன்னான். விளம்பரத்தில் இருக்கிற வார்த்தைகளையே ரெஸ்யூமிலும் போட வேண்டும், ஏனென்றால் முதலில் படிப்பது மனுஷன் இல்லை, மெஷின். டிகிரி வாங்கிய வருஷத்தை எடுத்துவிட வேண்டும். வேலைவாய்ப்புத் தளத்தில் தினமும் காலையில் எதையாவது ஒரு வரி மாற்றி சேவ் செய்ய வேண்டும். அப்போதுதான் எச்ஆர்காரர்கள் தேடும்போது நம் பெயர் மேலே வரும். "எல்லாத்துக்கும் மேல ஒண்ணு சொல்றேன் கேளு. நூறு எடத்துல அப்ளை பண்றத விட, உள்ள இருக்கறவன் ஒருத்தன் மேனேஜர்கிட்ட நேராப் போய் இவன் நல்லா வேல செய்வான்னு சொல்றதுதான் எடுபடும்."

சும்மா சொல்லக்கூடாது, பலித்தது. போன் அடிக்க ஆரம்பித்தது. என்ன பிரயோஜனம்? பாதி வழியில் வயதைக் கணக்குப் போட்டுவிடுவார்கள். "உங்க எக்ஸ்பீரியன்ஸ் ரொம்ப ஜாஸ்தி சார்" என்று ஒரு சின்னப் பெண் மரியாதையாகச் சொல்லி போனை வைப்பாள். அனுபவம் ஒரு வியாதி என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஒரு கட்டத்தில், போன் அடித்தாலே எடுக்கத் தோன்றாமல் போய்விட்டது.

அப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சிநேகிதன் கூப்பிட்டான். அவன் கம்பெனியில், பக்கத்து டீமில், வங்கி டெஸ்டிங்குக்கு ஆள் எடுக்கிறார்கள். வயதான ஆள்தான் வேண்டும் என்று அந்த மேனேஜரே கேட்கிறாராம்.

"உனக்காகவே எழுதின மாதிரி இருக்குடா. நான் அவர்கிட்ட மொதல்ல பேசிடறேன். திங்கக்கிழம என் சிபாரிசுன்னு போட்டு உன் ரெஸ்யூம கம்பெனி சிஸ்டத்துல ஏத்தறேன். அது வரைக்கும் நீயா எதுவும் பண்ணாத. யார்கிட்டயும் சொல்லாத."

யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னேன். கட்டிய மனைவியை யாரோ என்று நினைக்க முடியுமா? அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு வருஷமாக எனக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள், அன்றைக்கு நிஜமாகவே சிரித்தாள். எனக்கும் உள்ளுக்குள் ஆசை வந்துவிட்டது. இந்த ஒன்று கிடைத்தால் போதும், இனிமேல் எதுவும் கேட்கமாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு ஜெபக்கூட்டம். வாரம் ஒரு வீட்டில் கூடுவார்கள், முக்கால்வாசிப் பேர் எங்கள் தங்கவயல் ஜனங்கள். ஜெபிப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தங்கள் ஜெபக் குறிப்பைச் சொல்ல வேண்டும்: மகளுக்கு வரன், அம்மாவுக்கு முட்டிவலி, மகனுக்கு விசா. பொத்தாம்பொதுவாகச் சொன்னால் பாஸ்டரம்மா விடமாட்டார். "வேலைன்னு மட்டும் கேட்டா எப்படிம்மா? எந்தக் கம்பெனி, என்ன வேலைன்னு விவரமா குடுங்க, பேர் சொல்லி ஜெபிப்போம்" என்பார். அதனால் என் மனைவி, குழுவின் வாட்ஸ்அப்பில் கம்பெனி பெயரையும் சிநேகிதன் எனக்கு அனுப்பியிருந்த அந்த வேலையின் நம்பரையும் போட்டு, கூடவே என் ரெஸ்யூமையும் போட்டுவிட்டாள்.

எல்லோரும் ஜெபித்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குழுவில் மூன்று பேர் அதே கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். ஒருத்தி அக்கவுண்ட்ஸில், ஒருவர் கேப்களை அனுப்பும் பிரிவில், இன்னொருவர் செக்யூரிட்டியில். நம்ம அண்ணனுக்கு வெறும் ஜெபத்தோடு நிறுத்துவதா என்று, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் என் ரெஸ்யூமைச் சிஸ்டத்தில் ஏற்றிவிட்டார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் சிநேகிதன் கூப்பிட்டான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், அதனால் ஸ்பீக்கரில் போட்டேன். மனைவி அடுப்படியில் இருந்தாள்.

"எத்தன பேர்கிட்டடா சொன்ன?" என்றான். குரலே சரியில்லை. "உன் பேர் ஏற்கெனவே மூணு வாட்டி ஏறியிருக்கு. இப்படிப் பல பேர் ஒரே ஆளை ஏத்தினா, ஆள் சேத்துவிட்டா கம்பெனி குடுக்கற சிபாரிசுப் பணத்துக்காகக் கூட்டா வேலை காட்டறாங்கன்னு சிஸ்டம் பூட்டிடும்டா. ஆறு மாசத்துக்கு உன்ன எந்த வேலைக்கும் எடுக்க முடியாது. நான் எச்ஆர் கால்ல விழாத குறை. அந்த மேனேஜர் உன்னத்தான் கேக்கறாரு. ஒண்ணும் நடக்கல."

"ஆறு மாசம் கழிச்சு?"

"அந்த எடத்துக்கு இந்த மாசமே வேற ஆள எடுத்துடுவாங்கடா."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. அவள் வாசற்படியில் வந்து நின்றாள். "நான்தாங்க போட்டேன்" என்றாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. யாரைத்தான் திட்டுவது? கெடுக்க நினைத்து ஒருவன் செய்திருந்தால் அவன் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பேன், என் வாய் அப்படிப்பட்டது. இவர்களோ எனக்காகக் கண்ணீர் விட்டவர்கள். மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை, தனியாகப் போக முடியாது என்று அவள் சொன்னதால் நானும் ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். வேண்டாம், அவர்களிடம் எதையும் சொல்லாதீர்கள், பாவம் மனசு ஒடிந்துவிடுவார்கள் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். சரி என்றேன். வேலை கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். அறையே உச்சுக்கொட்டியது.

"ஆண்டவர் இத விடப் பெருசா ஒண்ணு வெச்சிருக்காரும்மா" என்றார் பாஸ்டரம்மா.

செக்யூரிட்டியில் இருக்கிறவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கவலையே படாதீங்கண்ணா. இந்தக் கம்பெனி இல்லன்னா இன்னா? உங்க பேப்பர நம்ம ஜனங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன். ஒயிட்ஃபீல்டு, மான்யதா, ஒரு எடம் பாக்கி வெக்கல. ஒவ்வொரு கம்பெனிலயும் நாலஞ்சு பேர் சிஸ்டத்துல போட்டுக்கினு இருக்காங்க."

"ஆமென்" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். என் மனைவி மட்டும் சொல்லவில்லை.