மூன்று பூச்சுச் சுண்ணாம்பு

கொழும்பில் என் அத்தையின் ஓவியங்களைத் தொங்கவிட்டிருந்த மண்டபத்தில், ஒரு நிருபர் அவளிடம் எப்போது வரைய ஆரம்பித்தீர்கள் என்று கேட்டார். "தோட்டத்துல பேரு வெட்டுனதுக்குப் பொறகுதாங்க," என்றாள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு என்று பொருள். எழுபது வயதைத் தாண்டியவள், கொஞ்சமும் கூசாமல் சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் முகம் சுட்டது. அது பொய் என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் கட்டிக்கொள்ளாமல், புளத்கொகுபிட்டியப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில் தொழிலாளர் வரிசைவீட்டில் எங்களுக்கிருந்த ஓர் அறையில், லயக் காம்பராவில், எங்களோடேயே இருந்தாள். விடியற்காலையில் மரங்களில் பால் வெட்டப் போனால் பகலோடு வேலை முடிந்துவிடும். மற்றப் பெண்கள் விறகுக்குப் போகும் நேரத்தில் அவள் உள்சுவருக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். செங்கல் தூள், அடுப்புக்கரி, துணிக்குப் போடும் நீலம், கடை முதலாளி தூக்கியெறிந்த பெயின்ட் டின்களின் அடிமண்டி, இவைதான் அவளுடைய சாயங்கள். மயிலோ பிள்ளையாரோ வரைந்திருந்தால் லயமே மெச்சியிருக்கும். அவள் வரைந்ததில் உருவம் என்று எதுவுமே கிடையாது. ஒரு சிவப்பு மெல்ல மெல்லக் கறுப்பாகும். ஓரத்தில் ஒரு பச்சை எட்டிப் பார்க்கும். ஒரு வருடமாகியும் முடிந்தபாடில்லை. இது என்ன படம் என்று அம்மா கேட்டால், "தெரியல அண்ணி, இன்னும் முடியல," என்பாள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனாலும் சாமான் எதையும் அந்தச் சுவரில் சாய்த்து வைக்கமாட்டாள்.

பன்னிரண்டாவது வயதில் நான் பெரியவளானேன். எங்கள் வழக்கப்படி காம்பராவின் மூலையில் சேலை கட்டி மறைத்து என்னை உட்காரவைத்தார்கள். பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்ற, ஓப்பநாயக்கவிலிருந்து தாய்மாமன் வீட்டார் சீர் கொண்டு வரவேண்டும். மாமா அங்கே ஒரு தோட்ட ஆபீசில் கிளாக்கர். அந்தக் கெத்து வீட்டில் எல்லோருக்கும் உண்டு. அதற்கு முந்தைய தீபாவளிக்கு வந்திருந்த மாமா மகள் எங்கள் சுவரைப் பார்த்து, "செவரு வாந்தி எடுத்திருக்கா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். நான் மட்டும் அதை மறக்கவில்லை.

மூலையில் உட்கார்ந்தவளுக்கு வேறு என்ன வேலை? சேலை இடுக்கு வழியாக அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் முன்னால் என்னை உட்காரவைத்துப் போட்டோ எடுத்தால் மானம் கப்பலேறிவிடும் என்று தவித்தேன். அம்மாவிடம் சொல்லியிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பாள். நான் அத்தையிடமே சொன்னேன்.

"அத்த, இதுக்கு சுண்ணாம்பு அடிச்சிருங்க. எல்லாரும் சிரிப்பாங்க."

அவள் எனக்காக உளுந்தங்களி கிண்டிக்கொண்டு வந்திருந்தாள். தட்டை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

"நீ மொதல்ல சாப்புடு கண்ணு. ஆறிப்போயிரும்," என்றாள்.

மறுநாள் பால் வெட்டி வந்ததும் வாளியில் சுண்ணாம்பு கரைத்தாள். ஒட்டிப் பிடிக்க ஒரு பிடி உப்பு, வெளுப்புக்குத் துளி நீலம். "நாளு கெடக்குல்ல, ஒங்க அண்ணன் அடிப்பாரு," என்று அம்மா தடுத்தாள். கேட்கவில்லை. முதல் பூச்சில் சிவப்பு மேலே வந்தது. இரண்டாவதிலும் கறுப்பு அடம்பிடித்தது. மூன்றாவது பூச்சில்தான் எல்லாம் அடங்கியது. எனக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

தண்ணீர் ஊற்றிய அன்று டவுனிலிருந்து வந்த ஸ்டூடியோக்காரர் கையோடு ஒரு திரையும் கொண்டுவந்திருந்தார். நீர்வீழ்ச்சியும் இரண்டு அன்னங்களும் வரைந்த பெரிய துணி. அதை ஆணியடித்துச் சுவரை முழுக்க மறைத்துவிட்டுத்தான் என்னை உட்காரச் சொன்னார். போட்டோவில் சுண்ணாம்பு ஒரு விரலகலம்கூட விழவில்லை. என்னை மறைக்கச் சேலை கட்டத் தெரிந்த வீட்டில், சுவரை மறைக்க ஒரு சேலை கட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அத்தை அந்தத் துணியைப் பார்த்து, "நல்லாருக்குங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு என் மாலையைச் சரிசெய்தாள்.

அதற்குப் பிறகு வேலையில் இருந்தவரை அவள் சாயத்தைத் தொடவே இல்லை. பேர் வெட்டிய பின், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா சுவரில் யானையும் முயலும் வரைய வந்த ஒரு சிங்களப் பெண் மிச்சப் பெயின்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். அட்டைப்பெட்டிகளைக் கிழித்து அத்தை அவற்றில் வரைந்த படங்களை, பிறகு வந்தபோது பார்த்துவிட்டுக் கொழும்புக்கு எடுத்துப்போனவளும் அவள்தான். நிருபரிடம் அத்தை அந்தச் சுவரைப் பற்றி மூச்சுவிடாதது எனக்காகத்தான். சொன்னால், அதை அழித்தது யார் என்று அடுத்த கேள்வி வரும்.

மூன்றாவது பூச்சு முடிந்த அந்தப் பகல் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வாளியைக் கழுவக்கூடப் போகாமல், சுண்ணாம்புக் கையோடு, அத்தை ஈரச்சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பவில்லை. கிட்டே ஓடிவந்த தம்பியை மட்டும் மெல்லத் தள்ளி நிறுத்தினாள். ஈரம் காயும்வரை யாரும் தொட்டுவிடாதபடி என் சுவருக்குக் காவல் இருக்கிறாள், பாவம் அத்தை, என்று அன்று நினைத்துக்கொண்டேன்.