மூன்றாம் மேட்டில் விட்டுப்போன ஆள்

இது பாரூங்காவில் நடந்தது. ரேலீன் ஹாட்ஜுக்கு நடந்தது. நட்டநடுப் பகலில், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில். ரேலீன் குடித்துவிட்டு உளறுகிறவள் இல்லை. குடித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பெட்ரோல் போட மறுக்கிறவள். பேய் என்று எவனாவது ஆரம்பித்தால் அவன் முகத்துக்கு நேரே கொட்டாவி விடுவாள். அவள் வாயிலிருந்து வந்ததால்தான் நான் நம்பினேன். குழியை என் கண்ணாலேயே பார்த்தேன்.

பாரூங்காவை ஊர் என்று சொல்வதே அதற்குச் செய்கிற மரியாதை. வறண்ட பூமியில் மூன்று மேடு. நடுவே ஒரு தார் ரோடு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ரேலீனின் பெட்ரோல் பங்க், அந்தப் பக்கம் டோரீனின் மதுக்கடை. தண்ணீர் லாரியில் வரும். ஓப்பல் என்கிற ரத்தினக் கல்லைத் தோண்ட வந்தவர்கள் வெயிலுக்குப் பயந்து தோண்டிய குழியிலேயே படுத்துக்கொண்டார்கள், அதுவே வீடாகிவிட்டது. மேலே நின்று பார்த்தால் புற்றுகள் மாதிரி மண்குவியல்தான் தெரியும். அதற்கு நடுவே காற்றுக்குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும்.

உள்ளே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒருவருக்கும் ஆசையும் இல்லை. போலீஸ் தேடுகிறவன், பெண்டாட்டி தேடுகிறவன், எந்தக் கழுதையும் தேடாதவன்... எல்லோரும் இங்கேதான் வந்து அடைந்தார்கள்.

அந்த ஆண்டு மாவட்டக் கவுன்சில் ஒரு குண்டு போட்டது. ஊரில் முந்நூறு பேர் இல்லாவிட்டால், வாரம் ஒருமுறை விமானத்தில் வரும் டாக்டர் இனி வரமாட்டார். எண்ணிச் சொல்லும் வேலையை ரேலீனிடம் கொடுத்தார்கள். பெட்ரோல் போட வருகிற எல்லோரையும் அவளுக்குத் தெரியும். ஒருவரையும் பிடிக்காது. அந்த வேலைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது.

மதுக்கடையில் டோரீன் அவளை மடக்கினாள்.

"என் வீட்ல ரெண்டுன்னு எழுது, ரேலீன்."

"நீ ஒருத்திதானே இருக்க?"

"கெவின் இருக்கானே."

"உன் புருஷன் செத்து நாலு வருஷம் ஆச்சுடி."

"உயிரோட இருந்தப்பவும் அப்படித்தானே கிடந்தான்? எவன் வந்து பாக்கப் போறான்?"

கடையே சிரித்தது. ரேலீன் சிரிக்கவில்லை.

"மனுஷங்களை எண்ணச் சொல்லியிருக்கான். நியாயமாப் பாத்தா இந்தக் கடையில இருக்கிற ஒருத்தனையும் எழுத முடியாது. போனாப் போகுதுன்னு எழுதுறேன். செத்தவனுக்கெல்லாம் இடம் இல்ல."

முதல் இரண்டு மேடுகளையும் முடித்தாள். கடைசியாக மூன்றாம் மேடு. அங்கே இருந்தது ஒரே ஒரு கிழவன். ஸ்லாட்கோ. குரோஷியாவிலிருந்து வந்தவன். காலியாகக் கிடந்த பழைய குழிவீடு ஒன்றில் எட்டு வருடமாகக் குடியிருந்தான். குளிக்க மாட்டான். ஊரில் யாரோடும் பேச மாட்டான். ரேலீனின் கணக்கில் அவன் மனிதனுக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

மதியம் இரண்டே கால். வாசலில் தண்ணீர் லாரி நின்றது. டிரைவர் டாக்கிஸ் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தான். ரேலீன் அவனுக்குத் தலையைக்கூட ஆட்டாமல் உள்ளே போனாள்.

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. நீளமாக ஒரு நடை. சுவரெல்லாம் கடப்பாரை கொத்திய தழும்பு. ஒற்றை பல்பு. ஸ்லாட்கோ காபி கலக்கிக்கொண்டிருந்தான்.

"எத்தனை பேரு கிழவா?"

"ரெண்டு."

"டோரீன் சொல்லிக் குடுத்தாளா?"

"டோரீன் யாரு?" என்றான் அவன். "இங்க நான் ஒருத்தன். பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தன்."

"பேரு?"

"சொல்ல மாட்டேங்கிறான். தட்டுவான். அவ்வளவுதான்."

ரேலீன் மூக்கால் சிரித்தாள். அந்தப் பக்கம் ஒருவருடைய குழியும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இவனை இவன் பொய்யோடு சேர்த்து மூக்குடைக்க வேண்டும் என்று பின்னறைக்கு நடந்தாள். கிழவன் அவளுக்குப் பின்னாலேயே வந்து நடையில் நின்றுகொண்டான். அறைக்குள் வரவில்லை.

பின்னறையில் சாமான் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு நாற்காலி. அது சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. சுவர் ஓரமாகத் தரையில் ஒரு கோப்பை காபி... ஆறிப்போய், மேலே தூசு ஆடைகட்டி.

டொக்... டொக்... டொக்.

எங்கோ ஒருவன் கல் வெட்டுகிறான் என்று நினைத்தாள். இந்த ஊரில் அது காக்கைச் சத்தம் மாதிரி. யாரும் காதில் வாங்குவதில்லை.

அவள் சுவரை ஓங்கித் தட்டினாள். "யாருடா அது? கவுன்சில்லேருந்து வந்திருக்கேன். வெளியே வந்து பேரைச் சொல்லு!"

சத்தம் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது. டொக்... டொக்... ஆனால் சுவரிலிருந்து வரவில்லை. கீழேயிருந்து வந்தது. அவள் செருப்புக்கு அடியிலிருந்து.

பல்பு அணைந்தது.

வெளியே ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் உறுமல் நின்றுபோயிருந்தது. "டீசல் தீந்துட்டுது. அசையாம நில்லு. நான் போய் ஊத்துறேன்," என்றான் ஸ்லாட்கோ. அவன் காலடி நடையில் தேய்ந்து தேய்ந்து போனது.

இருட்டு என்றால் அது இருட்டு. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். பூமிக்கு மேலே இருக்கிற இருட்டில் ஏதாவது ஒரு கீற்று இருக்கும். கீழே அதுவும் கிடையாது.

ஒரு கை அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தது.

கிழவன் திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தாள். எரிச்சல்தான் வந்தது. "கையை எடுடா. நானே நடந்துக்குவேன்."

கை விலகவில்லை. காய்ந்து கிடந்தது அது. தோல் மாதிரியே இல்லை, சுண்ணாம்பு மாதிரி இருந்தது. மெல்ல இழுத்தது. அவள் ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி.

அப்போது, வெகு தூரத்தில், வாசலுக்கு வெளியே, ஒரு குரல் கேட்டது.

"டாக்கிஸ்! அந்த கேனை இப்படிக் குடு!"

ஸ்லாட்கோவின் குரல்.

வெளியே இருந்தான் அவன்...

கை இறுக்கியது.

அவள் உதறிப் பார்த்தாள். பிடி விடவில்லை.

மணிக்கட்டில் ஏதோ நழுவுவது தெரிந்தது. வலி தோள்வரை ஏறியது.

மூச்சுச் சத்தம் இல்லை. வாடை இல்லை. இழுப்பு மட்டும்.

கீழ்நோக்கி.

வேறு ஒருத்தியாக இருந்தால் ஜெபம் சொல்லியிருப்பாள். ரேலீனுக்கு ஜெபம் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். ஊர் முழுவதையும் முப்பது வருடமாக அவள் எதனால் தூர நிறுத்தி வைத்திருந்தாளோ, அந்த இளக்காரத்தையே கை வந்த பக்கம் பார்த்துக் காறித் துப்பினாள். உண்மையாகவே துப்பினாள்.

"நீயெல்லாம் ஒரு ஆளாடா? உன்னை நான் எழுத மாட்டேன். நீ கணக்கிலயே இல்ல!"

பிடி தளர்ந்தது.

ஒரே ஒரு நொடி... அடிபட்ட மனிதன் ஒருவன் திகைத்து நிற்பதுபோல.

அவள் கையைப் பிடுங்கிக்கொண்டு, சுவரில் முட்டி மோதி, நடையில் ஓடி, வெயிலில் வந்து விழுந்தாள். ஸ்லாட்கோவும் டாக்கிஸும் ஜெனரேட்டர் பக்கத்தில் குனிந்து நின்றிருந்தார்கள். இருவர் கையிலும் டீசல்.

டார்ச்சோடு மூவரும் திரும்பிப் போனார்கள். ரேலீனின் செருப்புத் தடம் தூசியில் தெளிவாகத் தெரிந்தது. தடம் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளித் தரை உள்வாங்கியிருந்தது. துருப்பிடித்த தகரம். அதன்மேல் மண். தகரத்துக்கு அடியில் வெறும் கறுப்பு.

டாக்கிஸ் ஒரு கல்லை எடுத்துப் போட்டான். சத்தம் வர நேரம் பிடித்தது.

பழைய சுரங்கக் கிணறு. எவனோ ஒருவன் தகரத்தைப் போட்டு மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறான். மூடும்போது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் ஊர்க்காரன்தான், வேறு யார் அப்படிச் செய்வார்கள்? ஸ்லாட்கோவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எட்டு வருடமாக அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுவரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.

போலீஸ் கயிறு கட்டி இறங்கியது. கீழே மூன்று பேர் கிடந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர். வெறும் எலும்பாக. ஒரே நாளில் விழுந்தவர்கள் இல்லை. வருடக்கணக்கில் இடைவெளி இருந்தது. மூவருமே ஸ்லாட்கோ இந்த ஊருக்கு வருவதற்கு முன்னால் செத்தவர்கள். கிணறு மூடாமல் கிடந்த காலத்தில், காலிக் குழி என்று படுக்க வந்திருப்பார்கள் என்றார்கள். பெயர் தெரியவில்லை. காணவில்லை என்று எவரும் எங்கேயும் சொல்லியிருக்கவில்லை. மூன்று பேர் குறைந்தது இந்த ஊருக்குத் தெரியவே இல்லை.

ஸ்லாட்கோ அந்த வாரமே மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். ரேலீன் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். முந்நூறு தேறவில்லை. டோரீன் அவளோடு பேச்சை நிறுத்தினாள், ஊரும் நிறுத்தியது. ரேலீனுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

டாக்டரின் கடைசி விமானம் வந்த நாளில் அவள் கையைக் காட்டப் போனாள். ஆறு வாரமாகியும் மணிக்கட்டு வீங்கியே இருந்தது. அந்த எலும்புகளையும் பார்த்தது இதே டாக்டர் அம்மாதான். அவர் ரேலீனின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்படி ஆச்சு இது?"

"விழுந்துட்டேன்."

"விழுந்தா இப்படி ஆகாது. யாரோ பிடிச்சு இழுத்தாத்தான் இப்படி விலகும்." வீக்கத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினார். "அந்தக் குழியில மேல கிடந்த ரெண்டு பேருக்கும் இதே இடத்துலதான் எலும்பு பிஞ்சிருந்துது. இதே வலது கை."

ரேலீன் நிமிர்ந்து பார்த்தாள். "அடியில கிடந்தவனுக்கு?"

"அவருக்குக் காலுங்க ரெண்டும் ஒடைஞ்சிருந்துது. உடனே செத்திருக்க மாட்டார், பாவம். ரொம்ப நாள் தட்டிக்கிட்டே இருந்திருக்கார், சுத்தியும் பாறையில கல்லால கொத்தின தடம்." டாக்டர் அவள் கையை மேசைமேல் மெதுவாக வைத்தார். "ஆனா மணிக்கட்டு... அவருக்கு மட்டும் நல்லாத்தான் இருந்துது."