சேசிஸில் ஒரு வழியனுப்பு

போன வாரம் இங்கே ஜெர்மனியில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். புத்தம்புது லாரி ஒன்று சிக்னலில் வந்து நிற்க, பெயின்ட் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்தது வரும்வரை குளிரில் நடுங்கியபடி, மனசால் நாமக்கல்லில் இருந்தேன்.

எனக்கு அது என் சிநேகிதன் கதிரின் வாசனை. அவன் அப்பா நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். கம்பெனியிலிருந்து இன்ஜின், சக்கரம், ஸ்டியரிங் மட்டும் வைத்து மொட்டையாக வரும் சேசிஸுக்கு மரமும் தகரமும் அடித்து உருவம் கொடுப்பார்கள். படிப்பு முடிந்ததும் நானும் கதிரும் தனிப் பட்டறை போடுவதாகத் திட்டம். நான் படம் வரைவேன், அவன் வெல்டிங் வைப்பான். பட்டறைக்குப் பேர்கூட வைத்தாயிற்று. அதைச் சொன்னால் சிரிப்பீர்கள், வேண்டாம். அதற்குள் எனக்கு ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. விசா வந்த அன்றைக்கே கதிர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு கடைசியில் இவன் மட்டும் பாக்கி. கிளம்புகிற நாள், அப்பாவும் அம்மாவும் பெட்டிகளோடு காரில் சேலம் ஜங்ஷனுக்கு முன்னே போய்விட்டார்கள். கதிரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் வந்து ரயிலைப் பிடிப்பதாகச் சொல்லியிருந்தேன்.

பட்டறையில் கதிர் ஒரு சேசிஸுக்கு அடியில் படுத்திருந்தான். கூப்பிட்டேன். ஸ்பேனர் சத்தம்தான் பதில். பின்கட்டு வீட்டிலிருந்து அவன் அம்மா எட்டிப் பார்த்தார்.

"வெளிநாடு போற புள்ள எங்க ஊட்டுல கை நனைக்காம போவியா சாமி? உக்காரு."

"ரயிலுக்கு நேரமாச்சுங்கம்மா."

"ரெண்டு வாய் தின்னா ரயிலு ஓடியா போயிரும்?"

ரெண்டு வாயா அது! இலையில் முட்டை வறுவலும் கோழியும் தீரத் தீர வந்தன. நான் வாசலையே பார்த்துக்கொண்டு விழுங்கினேன். அவன் வரவேயில்லை. பெரிய இவன் என்று கோபம் வந்தது. அவனிடம் சொல்லாமலே எழுந்து ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்கு முகூர்த்த நாள். சேலம் பஸ் ஒவ்வொன்றும் படியில் ஆள் தொங்க, நிற்காமலே பறந்தது. கை நீட்டி நீட்டி ஓய்ந்தேன். இந்த ரயில் போனால் சென்னையில் விமானமும் போச்சு. அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் ஹாரன்.

கதிர், அந்த மொட்டை சேசிஸில் உட்கார்ந்திருந்தான்.

"ஏறு."

"யார் வண்டிடா?"

"நாளைக்கு ஒயரிங் பாக்க சேலம் போவ வேண்டிய வண்டி. இன்னைக்கே போவுது. ஏறு."

கதவில்லை, கண்ணாடியில்லை, எனக்கு சீட்டும் இல்லை. ஒரு பலகையைக் கயிற்றால் கட்டியிருந்தான். தூசிக்காகப் போட்டிருந்த தன் கண்ணாடியைக் கழற்றி என் கையில் திணித்தான். விமானத்துக்கென்று எடுத்த வெள்ளைச் சட்டையில் பூச்சிகள் மோதி மோதிச் செத்தன. புதுச்சத்திரம் தாண்டியது. வாயைத் திறந்தால் காற்று தொண்டையை அடைத்தது. நான் கயிற்றைப் பிடிப்பதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

சுங்கச்சாவடியில் வரிசை. அங்கேதான் காற்று நின்றது. என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"நீ திரும்பி வரமாட்ட."

"படிச்சு முடிச்சதும் வாரேன்டா."

"வரமாட்ட. உன் எடத்துல நானா இருந்தாலும் வரமாட்டேன்."

வரிசை நகர்ந்துவிட்டது.

ஜங்ஷன் வாசலில் எங்கள் சேக்காளி ஜமால், சூரமங்கலத்துக்காரன், காத்திருந்தான். "ஏன்டா, பிளேன் ஏறப் போறியா, போர்வெல் போடப் போறியா?" என்று என் சட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து, அப்பாவும் அம்மாவும் நின்ற பிளாட்பாரத்துக்கு இழுத்தான். வண்டியை விட்டு வர முடியாமல் கதிர் ஸ்டியரிங்கிலேயே இருந்தான். அவன் கண் சிவந்திருந்தது. தூசியாகவும் இருக்கலாம். எனக்கு அழுகைதான்.

படிப்பு முடிந்தது, இங்கேயே வேலையும் கிடைத்தது, இருந்துவிட்டேன். அங்கே லாரிகள் இப்போது கம்பெனியிலிருந்தே கேபினோடும் ஏசியோடும் வந்துவிடுகின்றனவாம். ரோட்டில் மொட்டை சேசிஸைக் காண்பதே அபூர்வம் என்கிறான் கதிர். பட்டறையை மூடிவிட்டு முட்டை லாரி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். என்ன சாப்பிட்டேன், பனி பெய்கிறதா, அம்மாவோடு பேசினேனா, எல்லாம் விசாரிப்பான். எப்போது வருகிறாய் என்று மட்டும் இதுவரை கேட்டதில்லை.