நாள் தள்ளுவதற்கு முந்தி

கயத்தாறுக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்குள் கிடக்கிற அந்த ஊரில் நாள் தள்ளிப் போன பிறகுதான் ஒருத்தி ஆஸ்பத்திரிப் படி ஏறுவாள். முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால் போதும், ஆளாளுக்கு ஆக்கிப் போடுவார்கள். அதற்கு முந்தி அவள் தின்றாளா, ரத்தம் இருக்கிறதா என்று கேட்க நாதி கிடையாது. நல்ல வழக்கம், போங்கள்!

செல்வமாரிக்கு முதல் பிள்ளை முதுகுத்தண்டு மூடாமல் பிறந்து, ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. கோவில்பட்டி டாக்டரம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: “அடுத்த பிள்ளைக்கு நினைக்கும்போதே வந்துரும்மா. மூணு மாசம் முன்னாடியே போலிக் ஆசிட் மாத்திரையை ஆரம்பிக்கணும், அப்பத்தான் பிள்ளைக்கு முதுகுத்தண்டு ஒழுங்கா மூடும். நாள் தள்ளின பிறகு வந்தா நேரம் தாண்டிப் போயிரும்.” புருஷன் மணிராஜ் அப்போது ஆட்டோ பிடிக்க வெளியே போயிருந்தான். அதைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

மணிராஜுக்கு நாசிக்கில் பலசரக்குக் கடையில் வேலை. வழக்கமாக வருஷத்துக்கு ஒரு தடவை, ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குத்தான் வருவான். இந்த வருஷக் கொடை நெருங்கின பிறகுதான் அடுத்த பிள்ளைக்கு மனசு துணிந்து, செல்வமாரி தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு கோவில்பட்டிக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தாள். அதை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்தாள். யாரிடம் சொல்வது? சொன்னால் புரிந்துகொள்ள அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அரிசி அள்ளப் போன மாமியார் அழகுத்தாய் கையில் மாத்திரை அட்டை அகப்பட்டுவிட்டது.

“முழுகாம இருக்கவளுக்குத்தான் நர்ஸம்மா மாத்திரை தருவா. சும்மா இருக்கவளுக்கு என்னட்டி மாத்திரை? புள்ள வேண்டாம்னுதான திங்குத?”

“ஐயோ அத்தே, புள்ள நல்லா வரணும்னுதான் திங்குதேன்.”

யார் கேட்டது? அட்டை சாணிக்குழிக்குப் போனது. செய்தி நாசிக்குக்குப் போனது.

மறுநாள் மணிராஜ் போன் பண்ணினான். “அம்ம சொல்லுதது நெசமா?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரித்தான். “எங்கம்ம அஞ்சு பெத்தா. எந்த மாத்திரையத் தின்னா? அடுத்த வாரம் வாரேன், எல்லாம் சரியாயிரும்.”

செல்வமாரிக்கு அவன் வந்தால் போதும் என்றுதான் இருந்தது. ஒரு வருஷமாக அந்த முகத்தைப் பார்க்காமல் ஏங்கிப் போயிருந்தாள். ஆனால் இப்போது வந்தால், மாத்திரை உடம்பில் ஊறுவதற்கு முந்தியே பிள்ளை தங்கிவிடுமே!

“இந்தக் கொடைக்கு வராதீய,” என்றாள். “மாத்திரைய இன்னைக்கு மறுபடி வாங்கிட்டேன். மூணு மாசம் முடியட்டும். அப்புறம் வாங்க.”

“என்னய வரக் கூடாதுங்கியா?”

“இன்னொரு புள்ளைய மண்ணுக்குக் குடுக்க என்னால ஏலாதுங்க.”

போன் கட்டானது. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. மாமியாரும் முகம் கொடுக்கவில்லை. செல்வமாரி அவள் கண் முன்னாலேயே தினமும் மாத்திரையை விழுங்கினாள்.

கொடையன்று மேளம் அதிர, வெளியூர் போன ஆண்பிள்ளைகள் எல்லாம் வேனில் வந்து இறங்கினார்கள். அவள் வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மணிராஜ் வரவில்லை. அவள் சொன்ன சொல்லை இந்த ஒரு தடவைதான் கேட்டிருக்கிறான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.