பேர் தெரிகிற பக்கம்

விழுப்புரத்தில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் மூன்று கடப்பாக்கல் தட்டுகள் பதித்திருந்தார்கள். செல்ஃபு என்றுதான் சொல்வோம். வருடத்தில் பதினோரு மாதம் அதில் அரிசி டின், அப்பாவின் ரயில்வே லாந்தர், பழைய செருப்புப் பெட்டி, கிளை நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்த புத்தகங்கள் என்று எல்லாம் கலந்து கிடக்கும். டிசம்பர் பிறந்து காலையில் பனி இறங்கத் தொடங்கியதும் அத்தனையையும் இறக்கிக் கழுவிவிட்டு கிறிஸ்துமஸுக்கு ஜோடிப்போம். ஜோடிப்பது என் பொறுப்பு. எந்த வருடம் எந்த நிறத்தில் தாள் வெட்டினேன், எந்தத் தட்டில் எந்தப் பாத்திரம் இருந்தது என்றெல்லாம் உரக்கடையில் சும்மா கொடுக்கும் டைரிகளில் எழுதி வைத்திருக்கிறேன். இதையும் அவற்றைப் புரட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

மேல் தட்டில் வாழ்த்து அட்டைகளும் ஜிகினாத் தோரணமும். கீழ்த் தட்டில் குடில். பனியை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் குடிலைச் சுற்றிப் பனி என்று கோலமாவு தூவுவோம். நடுத் தட்டில் பாத்திரங்கள். அதுதான் முக்கியம். கிறிஸ்துமஸ் தொடங்கி புது வருடம் வரை தெருப் பெண்கள் வீடு வீடாகப் போவார்கள்; போன இடத்தில் முதலில் பார்ப்பது நடுத் தட்டைத்தான். எந்த மருமகள் எதைக் கொண்டுவந்தாள் என்பது பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பெயரிலேயே தெரிந்துவிடும்.

1983 மே மாதம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று. அப்பா காலமான பிறகு அவருடைய ரயில்வே வேலை அண்ணனுக்குக் கிடைத்திருந்தது. அண்ணி திண்டிவனத்துப் பெண். ஏழு வயதில் தாயை இழந்தவர்; மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளை எடை போடும் வேலையிலிருந்த அப்பாதான் வளர்த்தார். சீராக வந்த எவர்சில்வர் பாத்திரங்கள் பளபளவென்று இருந்தன. எல்லாவற்றிலும் அண்ணியின் பெயர் மிஷினில் வெட்டியிருந்தது. இழுத்து எழுதினாற்போல் ஒரே கோடாக ஓடும் எழுத்து. "அத்தினியும் புதுசு. திண்டிவனம் பஜார்ல பொறுக்கி எடுத்ததாம்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் இன்னொன்றும் சொன்னாள்: "உனக்கு ஒண்ணு அமைஞ்சா இதையே கொடுத்துடலாம்." அப்போது எனக்கு வயது இருபது. அந்த வாக்குக்குப் பிறகு அந்தப் பாத்திரங்களை என்னுடையவை என்றே நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

டிசம்பர் 17, சனிக்கிழமை. அண்ணி கொல்லையில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைக்க, நான் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சொம்பு துடைப்பதற்குள் வெயிலில் காய்ந்துவிட்டது. அதன் வெளிப்புறத்தில், அண்ணியின் பெயருக்கு எதிர்ப்பக்கம், அடியை ஒட்டி வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தன. புள்ளிகள் சேர்ந்து எழுத்தாயின. மிஷின் வருவதற்கு முன்பு சின்ன உளியால் தட்டித் தட்டி வெட்டுவார்களே, அந்த எழுத்து. பாலீஷ் போட்டு மழுக்கியிருந்தார்கள்; ஆனால் சாம்பல் குழிகளில் போய் உட்கார்ந்து காட்டிக் கொடுத்துவிட்டது. ஒரு பெண்ணின் பெயர். அதன் கீழே மே மாதத்துத் தேதி, அறுபத்தொன்று என்ற வருடம்.

அண்ணி பிறந்தது அறுபத்திரண்டில். இது எனக்கு உடனே ஓடியது. தேதிகளில் எனக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு. அம்மாவைக் கூப்பிட்டு உரக்கப் படித்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே இதையும் சேர்த்துக்கொண்டேன்: "அண்ணி பொறக்கறதுக்கு முன்னாடி வெட்டினதும்மா இது."

அம்மா சொம்பை வாங்கிப் பார்த்தாள். அண்ணி சாம்பல் கையோடு எழுந்து நின்றார்.

"யார் பேருடி இது?"

"எங்கம்மா பேரு அத்தை."

"செத்தவ பாத்திரமா? செத்தவ பாத்திரத்த பாலீஷ் பண்ணிக்கினு வந்து புதுசுன்னு எங்க தலையில கட்டினானா உங்கப்பன்?"

"அப்பாவால முடியல அத்தை. அம்மாது நல்லா கனமா இருக்குதுன்னு..."

"கனமாத்தான் இருக்கும். ஒரு பொணத்தோட கனமாச்சே."

அண்ணன் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "உடும்மா, பாத்திரந்தானே" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கு மேல் அவர் அந்த விஷயத்தில் வாய் திறந்ததாக என் டைரியில் இல்லை.

அம்மா மற்றவற்றையும் திருப்பிப் பார்த்தாள்; சீராக வந்த எட்டிலும் அதே பெயர் இருந்தது. எட்டுப் பாத்திரங்களையும் நடுத் தட்டில் முன் வரிசையில் வைக்கச் சொன்னாள், பழைய பெயர் வெளியே தெரியும்படி. அண்ணி செல்ஃபைத் தொடக்கூடாது என்றும் சொன்னாள். வைத்தேன். இரண்டு நாளில் சாம்பல் உதிர்ந்து எழுத்து மங்கிவிட்டது. அதன் பிறகு நான் செய்தது அம்மா சொல்லாதது. குடிலுக்கு வாங்கியிருந்த கோலமாவை விரலில் தொட்டு ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் தேய்த்து, மேலாகத் துடைத்தேன். குழிகளில் மாவு நின்றது. வாசற்படியிலிருந்தே படிக்க முடிந்தது. அம்மா பார்த்துவிட்டு, "படிச்சவ கை படிச்சவ கைதான்" என்றாள்.

தெருப் பெண்களுக்குக் கிறிஸ்துமஸ் வரைகூடப் பொறுக்கவில்லை. முன்கூட்டியே வந்தார்கள். "இது யாருது, உங்க மருமவளுதா?" என்று கேட்பார்கள். அம்மா, "மருமவளோட அம்மாளுது. பாவம், மேலயிருந்து அனுப்பிக்கீறாங்க" என்பாள். சிரிப்பார்கள். அண்ணி அவர்களுக்குக் காப்பி கொண்டுவர வேண்டும்.

24ஆம் தேதி மத்தியானம் அம்மா கடைக்குப் போயிருந்தபோது அண்ணி என்னிடம் வந்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

"பாப்பா, நாளைக்கு எங்கப்பா வர்றாரு."

"வரட்டுமே."

"அவரு வந்து ஒரு மணி நேரம் இருப்பாரு. அந்த ஒரு மணி நேரம் மட்டும் இதுங்கள திருப்பி வெச்சிடறியா? அவரு போனதும் பழையபடி வெச்சிக்க. நானு ஒண்ணும் சொல்ல மாட்டேன். இத்த மட்டும் அவரு பார்க்கக் கூடாது."

"பார்க்கிறேன் அண்ணி" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சாம்பலும் புளியும் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தன. அவர் என்னை நம்பினார் என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்ததும் அம்மாவும் அண்ணியும் கோயில் வாசலில் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு நிற்க, நான் முன்னதாக வீட்டுக்கு வந்துவிட்டேன். எட்டுப் பாத்திரங்களைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? தனியாகச் செல்ஃபின் முன்னால் நின்றேன். என் கல்யாணத்துக்கு என்று நினைத்திருந்த பாத்திரங்கள் இனி ஆகாது என்று அம்மா சொல்லியிருந்தாள். அந்த ஆத்திரம்தான் காரணம் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதைவிடச் சின்னது. வரிசை அழகாக இருந்தது. அதைக் கலைக்க எனக்கு மனமில்லை. மாவு உதிர்ந்திருந்த இரண்டு இடங்களில் மறுபடியும் மாவு வைத்தேன்.

அண்ணியின் அப்பா பதினொரு மணிக்கு வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பையில் மல்லாட்டை. சலவை வேட்டி. அம்மா நாற்காலியைச் செல்ஃபுக்கு நேரே இழுத்துப் போட்டாள். அண்ணி சமையலறை நிலைப்படியில் நின்றபடி முதலில் செல்ஃபைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்பிடி சம்மந்தி ஜோடிப்பு? எங்க பொண்ணு கைவேல" என்றாள் அம்மா.

அவர் பார்த்தார். இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றாக. எட்டிலும் ஒரே பெயர்தான். ஆனால் எட்டையும் படித்தார்.

"நல்லாக்கீதும்மா" என்றார்.

அம்மா நடுத் தட்டிலிருந்தே ஒரு டம்ளரை எடுத்து அதில் காப்பி ஊற்றிக் கொண்டுவந்தாள். பெயர் அவரைப் பார்த்திருக்கும்படி நீட்டினாள். "புதுசுல குடிக்க உங்களுக்குப் புடிக்குமோ புடிக்காதோ. உங்களுக்குப் பழக்கமானதிலயே கொண்ணாந்தேன்."

அவர் வாங்கிக்கொண்டார். உள்ளங்கை பெயரை முழுக்க மூடும்படி டம்ளரைப் பிடித்துக் குடித்தார். சூடாக இருந்தது, ஆனாலும் நடுவில் கீழே வைக்கவில்லை. குடித்து முடித்ததும் கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கையில் மாவு ஒட்டியிருந்தது. சாம்பல் தானாக நின்றிருக்கலாம். மாவு தானாக நிற்காது. அது அவருக்குப் புரிந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அம்மாவை அல்ல, என்னை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சி. வர்றேம்மா" என்றார். சாப்பிடவில்லை. அண்ணி தெருமுனை வரை போகிறேன் என்றதற்கு அம்மா, "வூட்ல வேல கெடக்குது" என்றாள். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அண்ணி என்னிடம் எதுவும் கேட்கவுமில்லை. காப்பி கொடுப்பார், தலை பின்னிவிடுவார், பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

1985 மே மாதம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு திண்டிவனம். ஆகாது என்று ஒதுக்கிய பாத்திரங்கள் அந்த ஏப்ரலில் ஆகிவிட்டன. புதிதாக வாங்க வழியில்லை. அம்மா எல்லாவற்றையும் இன்னொரு முறை பாலீஷுக்குக் கொடுத்து, அண்ணியின் பெயரையும் மழுக்கி, என் பெயரை மிஷினில் வெட்டி வாங்கினாள். "அத்தினியும் புதுசு" என்று என் மாமியாரிடம் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பாத்திரங்களைத் தாளில் சுற்றிச் சாக்கில் கட்டியது அண்ணி. ஒவ்வொன்றையும் சுற்றுவதற்கு முன் பழைய பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

திண்டிவனத்து வீட்டில் செல்ஃபு மரத்தில் இருந்தது, கண்ணாடிக் கதவோடு. அந்த டிசம்பரில் பாத்திரங்களை நானே தேய்த்தேன், சாம்பல் போடாமல். எலுமிச்சைத் தோலால் தேய்த்து உடனே துடைத்தேன். என் பெயர் முன்னால், மற்றது சுவர்ப் பக்கம். மாமியாருக்குத் திருப்தி. குறைவாகப் பேசுகிறவர், ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளமாட்டார். அந்த வீட்டில் அவர் முகம் பார்த்துத்தான் மற்றவர்கள் என்னிடம் பேசினார்கள்.

டிசம்பர் 26, வியாழக்கிழமை, சாயங்காலம். திண்டிவனத்தில் தன் அப்பா வீட்டுக்கு வந்திருந்த அண்ணி என்னைப் பார்க்க வந்தார். கேக் கொண்டுவந்திருந்தார். மாமியாரிடம் மரியாதையாகப் பேசினார். பிறகு செல்ஃபின் அருகே போனார்.

"நல்லா ஜோடிச்சிக்கிறா பாப்பா. அந்தச் சொம்ப எடுக்கலாங்களா?"

"எடும்மா, உங்க வூட்லேர்ந்து வந்ததுதானே" என்றார் மாமியார்.

அண்ணி சொம்பை எடுத்துத் திருப்பினார். கீழே குடில், அதைச் சுற்றி நான் தூவியிருந்த கோலமாவு. அதில் ஒரு சிட்டிகை எடுத்துச் சொம்பில் சுவரைப் பார்த்திருந்த பக்கத்தில், அடியை ஒட்டித் தேய்த்தார். புடவைத் தலைப்பால் மேலாகத் துடைத்தார். நான் கண்டுபிடித்த முறை. ஒரு தப்பும் இல்லாமல் செய்தார்.

"இன்னாது அது?" என்றார் மாமியார்.

"எனக்குக் கண்ணு சரியா தெரியலீங்க. பாப்பா படிக்கட்டும். அவளுக்குத்தான் தேதின்னா உசுரு." சொம்பை என் கையில் கொடுத்தார். "படி பாப்பா. அன்னிக்கு எங்கத்தகிட்ட எப்பிடிப் படிச்ச, கணீருன்னு. அப்பிடிப் படி."

படித்தேன். அண்ணியின் அம்மா பெயர், மே மாதத்துத் தேதி, அறுபத்தொன்று.

"நீ எப்ப பொறந்த?" என்றார் மாமியார்.

"அறுபத்து மூணு அத்தை."

மாமியார் சொம்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மற்றவற்றையும் எடுக்கச் சொல்லி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அண்ணி அவற்றுக்கும் மாவு எடுத்துக் கொடுத்தார். எல்லாம் முடிய கால்மணி நேரம் ஆயிற்று. அண்ணி கையைத் தட்டிக்கொண்டு, "அப்பா தேடுவாரு, நான் வர்றேனுங்க" என்று கிளம்பினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமியார் நாற்காலியைச் செல்ஃபுக்கு நேரே இழுத்துப் போட்டார்.

"இந்தப் பக்கம் தெரியற மாதிரி அடுக்கு" என்றார். "புது வருசத்துக்கு உங்கம்மா வர்றாங்க இல்ல? அது வரைக்கும் இப்பிடியே இருக்கட்டும்."