பத்தாவது ஆள்

அந்தப் புகைப்படத்தில் பத்து ஆண்கள் கோதுமை வயலோரம் நிற்பார்கள். தொண்ணூறுகளில், ரொறன்ரோவில் நான் பராமரித்த யூதப் பெரியவரின் கட்டிலருகே அது தொங்கியது. காலையில் எனக்குத் தொழிற்சாலை, பின்னேரம் இவர். ஸ்காபரோவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேரும்போது பாதி உயிர்தான் மிஞ்சியிருக்கும். அவரோ அப்போதுதான் கதைக்கத் தொடங்குவார்.

ருஷ்யாவில் யூதர்களை அடித்துத் துரத்தியபோது தப்பி வந்தவர் அவருடைய தகப்பன். சொந்தக் காணியையே கண்டிராத சில குடும்பங்கள் சேர்ந்து, கனடாவின் மேற்கே புல்வெளியில் ஒரு விவசாயக் கிராமத்தை உண்டாக்கின. ஒருவருக்கும் ஏர் பிடிக்கத் தெரியாது. முதல் பனிக்காலத்தை மண்குடிசைகளில் கழித்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்பே செபக்கூடம் கட்டினார்கள். இறந்தவருக்கான செபத்தைச் சொல்ல அவர்கள் வழக்கப்படி பத்து ஆண்கள் கூட வேண்டும். ஊர் சிறுத்துச் சிறுத்து, கடைசியில் சரியாகப் பத்து ஆண்கள்தான் மிஞ்சினார்கள்.

பத்தாவது ஆள் இவர். இவர் பட்டணத்தில் வேலை தேடிப் போன குளிர்காலத்திலேயே தாய் இறந்துபோனார். பனிப்புயலில் இவரால் திரும்ப முடியவில்லை. ஒன்பது பேரில் ஒருவராக நின்ற தகப்பன் செபம் சொல்லாமலே வீட்டுக்குப் போனார். அடுத்த வருடம் மற்றக் குடும்பங்களும் ஊரைவிட்டு வெளிக்கிட்டுவிட்டன.

பெரியவரின் மகள் அந்த ஊரின் வரலாற்றைப் புத்தகமாக்கிக்கொண்டிருந்தார். அதைப் பற்றிப் பெரியவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு இன்றும் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் கேட்கிறது: "மழை பெய்யாமல் ஊர் கலைஞ்சதெண்டு எழுதுறாள். உது பொய். நான் போனதாலதான் கலைஞ்சது. அதை எழுதச் சொல்லு."

மகளிடம் சொன்னேன். "அப்பாவில ஒருத்தரும் பிழை சொல்லக்கூடாது" என்றார் மகள். அவரையும் நோக முடியாது.

புத்தகம் வந்தபோது பெரியவருக்குக் கண் முற்றாகத் தெரியாது. கடைசிப் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். ஈரச் சப்பாத்தோடு நின்றபடியே வாசித்தேன்: தொடர்ந்த வறட்சியால் மக்கள் வெளியேறினர்.

"அவ்வளவுதானோ?"

"ஓம் அங்கிள், அவ்வளவுதான்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதன்பிறகு அந்த ஊரைப் பற்றி அவர் கதைக்கவேயில்லை. அந்த மாதம் முடியுமுன் போய்விட்டார்.

அவர் கேட்ட அந்த ஒரு வரியை நானே சேர்த்து வாசித்திருக்கலாம். அந்த நேரம் அது தோன்றவில்லை என்றுதான் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். தோன்றியது. சேர்த்து வாசித்தால் அவர் மறுபடி கதைக்கத் தொடங்குவார், எனக்கு பஸ் தவறிவிடும் என்றும் தோன்றியது.