மாடியறை மிளகாயும் வேளாங்கண்ணியின் வயிற்றெரிச்சலும்

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகும் சாலையில், ஊர் முடிந்து தக்காளித் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு மாடி வீடு. அதன் பின்சுவரில் சாய்த்துப் போட்ட ஒரு தகரக் கொட்டகை. மாடியறையில் மிளகாய்ச் செடிகள் குடியிருந்தன. கொட்டகையில் வேளாங்கண்ணி குடியிருந்தாள்.

அந்த மாடியறை ஒரு காலத்தில் அவளுடையது. அவள் கல்யாணமாகி வந்தபோது கணவன் வியாகுலம் தன் கையாலேயே சுவருக்குப் பச்சை அடித்து வைத்திருந்தான். லாரி ஓட்டிய வியாகுலம் ஒரு விடியற்காலையில் தொப்பூர் இறக்கத்தில் விபத்தாகிப் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு மாமியார் தங்கம்மாள் பேச்செடுத்தாள்.

"ஒண்டியாளுக்கு எதுக்கு வேளா அம்மாம் பெரிய ரூம்பு? கீழ இருந்தா உனக்கும் காலு நோவாது."

கால் நோகிறது என்று வேளாங்கண்ணி யாரிடமும் சொன்னதில்லை. கைம்பெண்ணை வீட்டின் பின்பக்கம் தள்ளுவதற்கு இந்த நாட்டில் எந்தச் சாமியும் குறுக்கே நின்றதில்லை. வாசலில் சிலுவை மாட்டிய வீட்டிலும் அதே கதைதான்.

அவளுக்கென்று அரை ஏக்கர் இருந்தது. அதில் பச்சை மிளகாய் போடுவாள். ஒரு வருஷம் கிணறு வற்றும், மறு வருஷம் இலை சுருண்டு செடி கூனிப்போகும். தப்பிப் பிழைத்ததைப் பறித்துக் கூடையில் சுமந்துபோய் விற்றுவிட்டு, பழுத்ததை வற்றலாகக் காயவைத்து, அதில் ஒரு பங்கை மாமியார் வீட்டு அடுப்படிக்கும் கொடுத்துவிடுவாள்.

கொழுந்தன் ஆண்டோ ஓசூரில் எல்.இ.டி. விளக்கு செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஏழெட்டு வருஷம் மாரடித்தான். ஒருநாள் கேட்டிலேயே நிறுத்தி, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார்கள். நிரந்தரம் செய்யக் கேட்டதற்குக் கிடைத்த பதில் அது. கழித்துப்போட்ட விளக்குப் பலகைகள் சிலவற்றைப் பழைய சாமான்காரனிடம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினான். மாடியறையில் இரண்டு இரும்பு ரேக்குகளை எதிரெதிரே நிறுத்தி, தட்டுக்குத் தட்டு விளக்கைக் கட்டி, வடகிழக்கு மாநிலத்து நாகமிளகாய் விதையைத் தொட்டிகளில் முளைக்க வைத்தான். நாக்கில் வைத்தால் கண்ணீர் தாரையாக ஓடும் மிளகாய். பெங்களூரில் சாஸ் காய்ச்சும் ஒருவர் காய்த்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

முதல் தடவை பார்த்தபோது வேளாங்கண்ணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தான் படுத்துக்கிடந்த மூலையில், தன் கட்டில் போட்டிருந்த இடத்தில், கரும்பச்சையாக, ஒரு இலைகூடச் சுருளாமல் நின்றன செடிகள். பாத்தி இல்லை, களை இல்லை, வெயில் இல்லை. தலைக்கு மேல் விளக்கு. போதாக்குறைக்குச் சுவரோரம் ஒரு ஃபேன், திரும்பித் திரும்பிக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

"செடிக்கு வேர்க்குதா ஆண்டோ?" என்றாள்.

"காத்து ஆடணும் அண்ணி. ஃபோன்ல அப்படித்தான் போட்டிருக்கான்."

"என் தகரத்துக்குக் கீழ வந்து பாரு, ஆளே அவிஞ்சு கெடக்குது."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். கீழே இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் அவள் வயிறு எரிந்தது. தன் வயலுக்குப் போனாள். கூனிப்போன செடி ஒன்றைப் பார்த்து, "உனக்கு என்னாடி கேடு? சூரியனே உனக்கு ஓசியில எரியுது" என்று திட்டி, வேரோடு பிடுங்கி எறிந்தாள்.

அதற்குப் பிறகு எரிச்சல் அடங்கவே இல்லை. அக்கம்பக்கம் வந்து பார்த்துப் போனது. காரிமங்கலத்திலிருந்து ஒரு பையன் வீடியோ எடுக்க வந்தான். ஆண்டோவின் மனைவி ஆக்சிலியா புதுப்புடவையில் செடிக்குப் பக்கத்தில் நின்று பேசினாள். இருபத்தைந்து வருஷமாக மிளகாயோடு மல்லுக்கட்டியவளை எந்தக் கேமராவும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வேளாங்கண்ணி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இதெல்லாம் அழுகிப்போனால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததும் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஏனென்றால் அந்த வீட்டில் அவள் உயிராக நினைத்த ஒன்று இருந்தது. ஆண்டோவின் மகள் மோனிஷா. ஆக்சிலியா பனியன் கம்பெனி வேலைக்குப் போன வருஷங்களில் அந்தக் குழந்தையை இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள் வேளாங்கண்ணி. தை மாதம் கோயில் திருவிழா அன்று மோனிஷாவுக்குப் புதுநன்மை, முதன்முறையாகத் திருவிருந்து அப்பம் வாங்கும் சடங்கு. வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்தாயிற்று.

பூ வைக்கும் பருவத்தில்தான் தங்கம்மாள் வாயைத் திறந்தாள். "ஊரே வந்து கண்ணு வெச்சிட்டுப் போவுது. மூடுங்கடா."

பழைய புடவைகளை இரண்டாக மடித்து ஜன்னல்களில் கட்டினார்கள். வாசலிலும் ஒரு திரை. ஃபேன் சுற்றினால் திரை பறந்து, தெருவில் போகிறவர்களுக்குச் செடி தெரிந்தது. அதனால் ஃபேனை நிறுத்தினார்கள். வெள்ளை வெள்ளையாகப் பூ வைத்தது. வைத்த பூவெல்லாம் காம்போடு உதிர்ந்தது. காலையில் பெருக்கினால் முறத்தில் பூ.

யார் கண் என்பதில் தங்கம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. தாலி இல்லாதவள், பிள்ளை இல்லாதவள், அந்த அறையை இழந்தவள். ஒருத்திக்கு என்னென்ன கொடுமை செய்தோமோ அதையே அவளுக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவது நம் மக்களுக்குக் கைவந்த கலை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேளாங்கண்ணி கொட்டகைக்குள் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். தங்கம்மாள் குனிந்து வந்து, அவள் வாசலில் காலடி மண்ணை மூன்று விரலால் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு போனதைப் பார்த்தாள். உப்பும் மண்ணும் காய்ந்த மிளகாயும் மாடியில் செடிகளைச் சுற்றி எடுத்துவந்து முற்றத்து அடுப்பில் போடப்பட்டன. அந்த மிளகாயும் வேளாங்கண்ணி கொடுத்த வற்றல்தான்.

"பாத்தியா ஆக்சிலியா, நெடியே வரல. அப்பேர்ப்பட்ட கண்ணு!"

மேல்காற்று வீசிக்கொண்டிருந்தது. நெடி முழுக்கத் தகரக் கொட்டகைக்குள் புகுந்திருந்தது. வேளாங்கண்ணி இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தாள். "நெடி இங்க கெடக்குது அத்தே! மூச்சுவிட முடியல!"

தங்கம்மாள் ஆக்சிலியாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "வெச்சவளுக்குத்தான் ஏறும்."

நெடி வராவிட்டால் கண் இருக்கிறது. வந்தாலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் தலை அச்சடித்த காசு இது. இதைச் சுண்டிவிட்டுத்தான் எத்தனை பெண்களை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம்!

மறுநாள் ஆக்சிலியா கொட்டகை வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. புதுநன்மை அன்னைக்கு நீங்க கோயிலுக்கு வர வேணாம். அத்தை சொல்றாங்க. புள்ளைக்கு ஏதாச்சும்..."

"ஏதாச்சும்னா?"

"இல்லீங்கக்கா. வெள்ளத் துணி, ஊர்க் கண்ணு..."

"நான் ஊரா?"

ஆக்சிலியா தலையைக் குனிந்தபடி போய்விட்டாள்.

அன்று முழுக்க வேளாங்கண்ணி வயலுக்குப் போகவில்லை. தன் கண்ணில் நிஜமாகவே ஏதோ இருக்கிறதோ என்று ஒருகணம் பயந்தாள். நினைத்தாள் அல்லவா, அழுகட்டும் என்று? நினைத்ததும் உதிர்ந்தது அல்லவா? அப்புறம் கோபம் வந்தது. என் வயல் கூனினபோது யார் கண் பட்டது? வியாகுலம் செத்தபோது யார் சுற்றிப் போட்டார்கள்? அறையைப் பிடுங்கிக்கொண்டார்கள், இப்போது பிள்ளையையும் பிடுங்குகிறார்கள். அதுவும் ஒரு மிளகாய்ச் செடிக்காக.

எல்லோரும் கவுன் வாங்கப் பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறிய பிறகு மாடிக்கு ஏறினாள். திரையை ஒதுக்கினாள். உள்ளே அசையாத காற்றில், வெள்ளை வெளிச்சத்தில், பூத்து நின்றன செடிகள். கல்யாணப் பெண் போல நிற்கிறாளுங்க, என் ரூம்பில.

"கண்ணு வெச்சா உதிருதாம். கை வெச்சா என்னா ஆவுதுன்னு பாப்போம்!"

ஜன்னலோர ரேக்கை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். கம்பி கடகடத்தது, பூ கொட்டியது. மறுபடி உலுக்கினாள். தட்டுத் தட்டாக, முருங்கை மரத்தை உலுக்குவதுபோல, கை ஓயும்வரை உலுக்கினாள். எதிர் ரேக்குக்குத் திரும்பியபோது வாசலில் ஆண்டோ நின்றான். பர்ஸை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறான்.

"அண்ணி! என்னா பண்றீங்க?"

"கண்ணு வெக்கறேன்!" என்று கத்திவிட்டு அவனைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள்.

அன்று தங்கம்மாள் தெருவைக் கூட்டிப் பேசிய பேச்சை எழுத வேண்டியதில்லை. வேளாங்கண்ணி கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். இந்தத் தடவை அவள் நிஜமாகவே செய்திருந்தாள்.

ஒரு வாரம் கழித்து ஆண்டோ வயலுக்கே வந்துவிட்டான். வரப்பில் நின்று தலையைச் சொறிந்தான்.

"அண்ணி, நீங்க ஒலுக்குன ரேக்குல பிஞ்சு புடிச்சிருக்குது."

அவள் களைக்கொத்தைக் கீழே வைக்கவில்லை. "நையாண்டி பண்றியா?"

"சத்தியமா. தட்டுக்குத் தட்டு பிஞ்சு. எதிர் ரேக்குல ஒன்னுகூட இல்ல, எல்லாம் உதிர்ந்துபோச்சு. பூ ஆடுனாத்தான் உள்ள இருக்கற மகரந்தத் தூளு உதிர்ந்து சேரும்னு ஃபோன்ல போட்டிருக்கான். காத்துக்குத்தான் ஃபேன் வெச்சேன். நாமதான் நிறுத்திட்டோம்."

"உங்கம்மா சுத்திப் போட்டாங்களே, அதுல புடிச்சிருக்கும்."

"ரெண்டு ரேக்குக்கும் சேர்த்துத்தானே அண்ணி சுத்துனாங்க?"

வேளாங்கண்ணிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அவற்றுக்கு நடுவே பழைய எரிச்சல் குறையாமல் இருந்தது. அழிக்கப் போன கைகூட அந்தச் செடிக்கு நல்லது செய்திருக்கிறது. உழைப்பைக் குறைவில்லாமல் வாரிக் கொடுத்த தன் வயலில் ஒன்றும் இல்லை.

"இப்ப என்னாத்துக்கு வந்த?"

"எதிர் ரேக்கு மறுபடி பூத்திருக்குது. ஃபேன் போட்டா அம்மா திரை பறக்குதுன்னு சண்டைக்கு வராங்க. நீங்க வந்து..."

"ஆட்டறதுக்கு நானு, கோயிலுக்கு மட்டும் நானு வேணாமா?"

அவன் வரப்பு மண்ணைக் காலால் கிளறினான்.

"வரேன். திரையைப் பிடுங்கச் சொல்லு. உங்கம்மாவும் உன் பொண்டாட்டியும் பக்கத்துல நிக்கட்டும். பூவை உதிர்த்தது என் கண்ணு இல்ல, அவுங்க கட்டுன பொடவைன்னு நீ சொல்லணும். என் காதுபட சொல்லணும்."

அவன் சொன்னான். திக்கித் திக்கித்தான் சொன்னான். ஜன்னல் புடவையை அவிழ்த்தவள் ஆக்சிலியா. தங்கம்மாள், "அது அப்படியில்லடா, சுத்திப் போட்டது ஒரு பக்கந்தான் புடிக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். எந்த ரேக்கும் எந்த மிளகாயும் அவளை மாற்றவில்லை. ஃபேன் மட்டும் மறுபடி சுற்றத் தொடங்கியது.

ஆக்சிலியா வாசல்வரை வந்தாள். "அக்கா, அன்னைக்குப் புள்ளைக்குத் தலை சீவறது நீங்கதான். அவ யாருகிட்டயும் உக்கார மாட்டேங்குறா."

திருவிழா அன்று வேளாங்கண்ணி கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தங்கம்மாள் செபமாலையை உருட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கவுனில் மோனிஷா நடந்து வந்தாள். ஆக்சிலியா மகளின் முக்காட்டைச் சரிசெய்தபோது, தனக்கு வாய்க்காத அந்தத் தாயின் கை அசைவைப் பார்த்து வேளாங்கண்ணிக்கு வயிறு எரிந்தது. மறைக்கவில்லை. இமைக்காமல், கண் நிறைய, ஆசை தீரப் பார்த்தாள்.

மோனிஷா அப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்பினாள். கவுனில் ஒரு கறை இல்லை, கால் இடறவில்லை. பெரியம்மாவைப் பார்த்து, கூப்பிய கையைப் பிரிக்காமலே, புருவத்தை மட்டும் உயர்த்திச் சிரித்தாள்.